டிரைவ் த்ரூ பலகை மாட்டுவதற்கு முன்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் தெருமுனை டீக்கடையில் டிரைவ் த்ரூ என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிப் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது. டிரைவ் த்ரூ என்றால் உண்மையில் என்ன? டிரைவ் இன் என்பதும் இதுவும் ஒன்றா? சாப்பாட்டுக் கடைக்கு மட்டும்தான் அப்படிச் சொல்வார்களா? திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு காலி மனை இருக்கிறது. அதில் இப்படி ஒரு கடை போட முடியுமா?"

கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். மனையைப் பார்த்ததும் கட்டடம் எங்கே வரும் என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். வண்டி எங்கே நிற்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. டிரைவ் த்ரூவில் இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும்.

பலகை விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்கள் தெருமுனையில் இருப்பது டிரைவ் த்ரூ அல்ல, பார்சல் ஜன்னல். வண்டியோடு ஒரு வாசல் வழியாக மனைக்குள் நுழைந்து, இறங்காமலே வேண்டியதைச் சொல்லி, பணம் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு, பின்னால் எடுக்காமல் இன்னொரு வாசல் வழியாக வெளியே போய்விட முடிந்தால்தான் அது டிரைவ் த்ரூ. அதற்கென்று ஒருவழிப் பாதை கடையின் சொந்த இடத்துக்குள் ஓட வேண்டும். வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் வண்டி யாருடைய இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் இடத்தில் நின்றால் டிரைவ் த்ரூ. ரோட்டில் நின்றால், பெயர் என்னவாக இருந்தாலும், அது போக்குவரத்துக்கு இடைஞ்சல்.

டிரைவ் இன் வேறு. அங்கே வண்டி போய் நின்றுவிடும். நீங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள், சாப்பாடோ படமோ உங்களைத் தேடி வரும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 1962ல் திறந்தது. உட்லண்ட்ஸ் ஓட்டல்களைத் தொடங்கிய கே. கிருஷ்ணாராவின் யோசனை அது. மர நிழலில் காரை நிறுத்தினால் சர்வர் காருக்கே வந்து கேட்பார், தட்டும் காருக்கே வரும். காரில் வராதவர்களும் உள்ளே மேசைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். 2008ல் மூடினார்கள். அந்த இடத்தில்தான் 2010ல் செம்மொழிப் பூங்கா வந்தது. வடசென்னையிலிருந்து விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய் பூரி சாப்பிட்டு வருவது ஒரு காலத்தில் பெரிய வெளியூர்ப் பயணத்துக்குச் சமம். அந்த ஓட்டலைத் தெரிந்தவர்கள் பலர் இன்றைக்கும் டிரைவ் த்ரூ என்று சொல்ல வேண்டிய இடத்தில் டிரைவ் இன் என்கிறார்கள். பழக்கம்தான் காரணம், புரியாமல் இல்லை.

கொரோனா காலத்தில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 2020 தொடக்கத்தில் தென்கொரியாவில் காரில் இருந்தபடியே தொண்டைச் சளி மாதிரி கொடுத்துவிட்டுப் போகும் மையங்களைத் திறந்தார்கள். ஜன்னலைக் கீழே இறக்கினால் மாதிரி எடுப்பார்கள், கார் நகர்ந்துவிடும். அது டிரைவ் த்ரூ. 2021 மே மாதம் மும்பை தாதரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் காரிலேயே தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்து உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் கார்கள் வரிசையில் நகரவில்லை, நிறுத்திய இடத்திலேயே நின்றன. அதை டிரைவ் இன் என்றார்கள், அது சரியான பெயர். ஊசியும் காரில்தான், சளி மாதிரியும் காரில்தான். ஆனால் ஒன்றில் வண்டி காத்திருக்கிறது, இன்னொன்றில் கடந்து போகிறது.

இந்தப் பழக்கம் பிறந்தது அமெரிக்காவில். அங்கேயும் டிரைவ் இன் மூத்தது, டிரைவ் த்ரூ இளையது. டெக்சஸ் மாநிலம் டல்லாஸ் அருகே 1921ல் தொடங்கிய பிக் ஸ்டாண்ட் என்ற கடைதான் காருக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்த முதல் கடை என்பார்கள். பரிமாறும் பையன்கள் கார் நிற்பதற்கு முன்பே அதன் பக்கப்படியில் தாவி ஏறி என்ன வேண்டும் என்று கேட்பார்களாம். 1933ல் நியூஜெர்சியின் கேம்டன் பகுதியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் காரில் இருந்தபடி படம் பார்க்கும் திரையரங்கைத் திறந்தார். டிரைவ் த்ரூ என்று சொல்லத்தக்க கடைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தன. 1947ல் மிசௌரி மாநிலத்தில் ஒரு ஹாம்பர்கர் கடை ஜன்னல் வழியே கொடுக்கத் தொடங்கியது. 1948ல் கலிபோர்னியாவில் ஹாரி ஸ்னைடர், எஸ்தர் ஸ்னைடர் தம்பதி இன் அண்ட் அவுட் என்ற பெயரில் பத்தடிக்குப் பத்தடி இருக்கும் ஒரு சின்னக் கடையைப் போட்டு, வண்டியிலிருந்து பேச ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். நம்மூர் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். உட்கார நாற்காலி கிடையாது. கடை இத்தனூண்டு, பாதை பெரிது.

மெக்டொனால்ட்ஸ் இதில் இறங்கியது வெகு தாமதமாக, 1975ல். அரிசோனா மாநிலத்தில் சியெரா விஸ்டா என்ற ஊர். பக்கத்திலேயே ஃபோர்ட் வாசூகா ராணுவ முகாம். களப்பணிச் சீருடையில் இருக்கும் சிப்பாய்கள் முகாமுக்கு வெளியே காரைவிட்டு இறங்கக் கூடாது என்று அங்கே கட்டளை. பசியோடு காரில் வருவார்கள், இறங்க முடியாது. கடைக்காரர் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார். சோம்பேறிகளுக்காக வந்த ஏற்பாடு என்று டிரைவ் த்ரூவைத் திட்டுபவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிற தாய், காலில் கட்டுப் போட்டவர், கொட்டும் மழையில் வேலை முடிந்து வருபவர் என்று இறங்க முடியாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அதற்காக அமெரிக்காவில் எல்லோரும் இதைக் கொண்டாடுகிறார்கள் என்றும் இல்லை. மினியாபொலிஸ் நகரம் 2019ல் புதிதாக டிரைவ் த்ரூ கட்டவே தடை போட்டது. இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கார்களின் புகை ஒரு காரணம். நடைபாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் வண்டிகளால் நடப்பவர்களுக்கு ஆபத்து என்பது இன்னொரு காரணம். நடைபாதையே இல்லாத தெருக்களில் வாழும் நமக்கு இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரியலாம். ஆனால் கொருக்குப்பேட்டையில் பள்ளி விடும் நேரத்தில் ரோட்டோரமாக நடந்து பார்த்தால் ஆடம்பரமாகத் தெரியாது.

இனி இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஜன்னல்தான் முக்கியமாகத் தெரியும். உண்மையான சூட்சுமம் ஜன்னலுக்கு முன்னால் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. விலைப்பலகையும் ஆர்டர் சொல்லும் இடமும் பாதையின் தொடக்கத்தில் இருக்கும், பொருள் கிடைக்கும் ஜன்னல் கடைசியில் இருக்கும். இடையில் நாலைந்து வண்டிகள் நகரும் நேரம்தான் அடுப்படிக்குக் கிடைக்கும் நேரம். பல இடங்களில் பணம் வாங்க ஒரு ஜன்னல், பொருள் கொடுக்க ஒரு ஜன்னல் என்று இரண்டாகப் பிரிப்பதும் இதற்காகத்தான். வண்டி ஆர்டர் இடத்துக்கு வந்ததும் தரைக்கு அடியில் புதைத்த கம்பிச்சுருள் உலோகத்தை உணர்ந்து உள்ளே இருப்பவரின் காதில் ஒலி எழுப்பும். ஒரு வண்டியின் ஆர்டர் தயாராகவில்லை என்றால் பின்னால் இருக்கும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான், முந்திப் போக இடமிருக்காது. அதனால் ஜன்னலைத் தாண்டி இரண்டு வண்டி நிற்கும்படி ஓர் ஒதுக்கிடம் விடுவார்கள். "கொஞ்சம் முன்னால் போய் நில்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்பார்கள். இந்த ஒதுக்கிடம் இல்லாத டிரைவ் த்ரூவில் ஒருவர் பதினைந்து தோசை சொன்னால் கடை அரை மணி நேரம் முடங்கிப்போகும்.

சுற்றும் திசையும் முக்கியம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். அவர் கைக்கு ஜன்னல் எட்ட வேண்டுமானால் கட்டடம் அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அதாவது வண்டி கட்டடத்தைக் கடிகாரச் சுற்றில் வலம்வர வேண்டும். ரோட்டிலிருந்து உங்கள் மனையைப் பார்த்து நின்றால் இடக்கோடியில் நுழைவாசல், வலக்கோடியில் வெளிவாசல். இடப்பக்கமாகவே ஓட்டும் நம் ஊரில் இது அழகாகப் பொருந்தும். வண்டி இடப்பக்கம் திரும்பி உள்ளே வரும், சுற்றிவிட்டு மறுபடியும் இடப்பக்கம் திரும்பி ரோட்டில் சேர்ந்துவிடும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்கப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் ஜன்னல் பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் வந்துவிடும். அப்படி வரைந்து வந்த ஒரு படத்தைத் திருத்தியிருக்கிறேன். கட்டிய பிறகு தெரிந்திருந்தால் ஓட்டுநர் குனிந்து பக்கத்து இருக்கையின் மேல் சாய்ந்துதான் சாம்பார் வாங்கியிருப்பார்.

இப்போது உங்கள் மனைக்கு வருகிறேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. முகப்பு 40 அடி, ஆழம் 60 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நிம்மதியாகப் போக 12 அடி அகலப் பாதை வேண்டும். இடப்பக்கம் 12, பின்பக்கம் 12, வலப்பக்கம் 12 என்று மூன்று பக்கமும் பாதை விட்டால் நடுவில் மிஞ்சுவது 16 அடி அகலம், 48 அடி நீளம். 768 சதுர அடி. மீதி 1,632 சதுர அடி, அதாவது மனையில் மூன்றில் இரண்டு பங்கு, வண்டி ஓடுவதற்கே போய்விடும். அந்தப் பாதையின் நடுக்கோட்டை அளந்தால் ஏறக்குறைய 136 அடி வரும். நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார் ஒன்று, முன்னால் பின்னால் இடைவெளியோடு, 20 அடி பிடிக்கும். ஆக மொத்தம் ஆறு கார். ஏழாவது கார் ரோட்டில். பின்பக்க மூலைகளில் சின்ன கார் எப்படியோ திரும்பிவிடும். பெரிய வண்டி ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பும், அப்போது அதன் பின்னால் நிற்பவரும் பின்னால் எடுக்க வேண்டும். இதற்கு மேல் படிக்கட்டு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் அந்த 768 சதுர அடிக்குள் வர வேண்டும்.

ஆகவே ஒரு கிரவுண்டில் காருக்கான டிரைவ் த்ரூ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நெடுஞ்சாலை ஓரத்தில் ஏக்கர் கணக்கில் இடம் எடுப்பவர்கள் போடட்டும். வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் அரை கிரவுண்டு மனையே பெரிய சொத்து.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விடையும் மாறுகிறது. வடசென்னையில் மாலையில் கடைக்கு வருபவர்களில் காரில் வருபவர் எத்தனை பேர்? இங்கே வண்டி என்றாலே இருசக்கர வண்டிதான். இறங்காமல் வாங்குவதும் இங்கே புதிதில்லை. தள்ளுவண்டி இட்லிக் கடைக்கு முன்னால் நின்று பாருங்கள். ஸ்கூட்டரை அணைக்காமல் இடக்காலைத் தரையில் ஊன்றியபடி ஒருவர் நிற்கிறார். முன்னால் குழந்தை நின்றுகொண்டு ஹாரன் பொத்தானைத் தேடுகிறது. கொக்கியில் எவர்சில்வர் தூக்கு தொங்குகிறது. கடைக்கார அம்மா எட்டி அதன் மூடியைத் திறந்து, அது கொக்கியில் தொங்கியபடியே இருக்க, இரண்டு கரண்டி சாம்பாரை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி மூடுகிறார். இட்லிப் பொட்டலம் இருக்கைக்கு அடியில் போகிறது. சில்லறை குழந்தையின் கையில். எந்த ஆர்டர் பெட்டியும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் முடிகிற வியாபாரம். டிரைவ் த்ரூவுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது, பாதையைத் தவிர. பாதை இல்லாததால்தான் அவருக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.

அந்தப் பாதையை உங்கள் மனை கொடுக்கலாம். இருசக்கர வண்டிக்கு ஐந்தடி அகலம் போதும். அதே மனையில் மூன்று பக்கமும் ஐந்தடி விட்டால் 30 அடி அகலம், 55 அடி நீளம், 1,650 சதுர அடி கட்டடத்துக்கு மிஞ்சுகிறது. பாதைக்குப் போவது 750 சதுர அடி மட்டும். பின்பக்க மூலைகளைச் செங்குத்தாகக் கட்டாமல் சரித்துக் கட்டிவிட்டால் ஸ்கூட்டர் கால் ஊன்றாமல் திரும்பும். வரிசையில் நிற்கும் வண்டிகளும் அதிகம், ஏனென்றால் ஒரு கார் நிற்கும் இடத்தில் மூன்று ஸ்கூட்டர் முன்பின்னாக அடங்கும். இது கணக்குக்குச் சொல்வது. சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், வாகன நிறுத்தம், மழைநீர்த் தொட்டி இவற்றுக்கெல்லாம் விதிகள் உண்டு. அவற்றை உங்கள் மனைக்கும் தெருவின் அகலத்துக்கும் ஏற்றபடி பார்த்துத்தான் கட்டடத்தை இறுதிசெய்ய வேண்டும்.

இருசக்கர வண்டி என்றதும் ஒலிபெருக்கிப் பெட்டியை மறந்துவிடுங்கள். ஹெல்மெட் போட்டவருக்கு அது கேட்காது, அவர் சொல்வதும் உள்ளே கேட்காது. கையில் ஒரு கருவியோடு ஓர் ஆள் பாதையின் தொடக்கத்தில் நிற்க வேண்டும். க்யூஆர் அட்டையையும் அங்கேயே வைக்க வேண்டும். கடைசி ஜன்னலுக்கு வந்த பிறகு போனைத் தேடினால் வரிசை நின்றுவிடும். காரில் பக்கத்து இருக்கையில் பொட்டலத்தை வைத்துவிடலாம். ஸ்கூட்டரில் வைக்க இடம் கொக்கி மட்டும்தான், பைக்கில் அதுவும் இல்லை. பிடி உள்ள துணிப்பையோ கெட்டியான காகிதப்பையோ இல்லாமல் இந்தக் கடை ஓடாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதால் டீயைப் பையில் கட்டிக் கொடுக்கும் பழைய வழியும் கிடையாது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், வரிசை தானாக வேகம் பிடிக்கும்.

எந்த உணவு என்பதும் யோசிக்க வேண்டியது. முன்கூட்டியே தயாராக இருப்பது, பத்து நிமிடத்தில் கெட்டுப்போகாதது, சிந்தாதது: இந்த மூன்றும் பொருந்துவதுதான் இதற்கு ஏற்றது. இட்லி, வடை, போண்டா, சமோசா, பொட்டலமாகக் கட்டிய பிரியாணி எல்லாம் சரி. தோசை வேண்டாம், வீடு போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடும். வடசென்னையின் பெருமையான அத்தோவும் இதற்கு ஒத்துவராது என்பதில் எனக்கு வருத்தம்தான். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறியவர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் கையால் பிசைவார்கள். காரம் கூட வேண்டுமா, எலுமிச்சை பிழியலாமா என்று நடுவில் பேச்சு நடக்கும். பக்கத்தில் கிண்ணத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அதை நின்று சாப்பிட வேண்டும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி அத்தோ பொட்டலம் வாங்குபவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், சூப்பை என்ன செய்வார் என்று.

சாப்பாட்டுக் கடைக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அமெரிக்காவில் வங்கி, மருந்துக்கடை, நூலகத்தில் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டி என்று பலவற்றுக்கும் இந்தச் சொல் உண்டு. பணம் எடுக்கும் இயந்திரத்தைக் கார் ஜன்னல் உயரத்துக்கு வைத்து டிரைவ் த்ரூ ஏடிஎம் என்பார்கள். வண்டியோடு நுழைந்து வெளிவரும் விலங்குக் காட்சிப் பகுதிக்கும் இதே அடைமொழி. கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் வவோனா என்று ஒரு ராட்சத மரம் இருந்தது. 1881ல் அதன் அடிமரத்தைக் குடைந்து வழி செய்தார்கள். முதலில் குதிரை வண்டி போயிற்று, பிறகு கார்கள் போயின. 1969ல் மரமே விழுந்துவிட்டது. அந்த வகை மரங்களையும் டிரைவ் த்ரூ மரம் என்றுதான் சொல்கிறார்கள். துறைமுகங்களில் கண்டெய்னருக்கு எக்ஸ்ரே எடுக்கும் கருவியில் ஒரு வகைக்கு டிரைவ் த்ரூ ஸ்கேனர் என்றே பெயர். ஓட்டுநர் இறங்காமல் லாரியை மெதுவாக ஓட்டிச் செல்வார், ஓட்டுநர் அறை கடந்த பிறகே கதிர் பாயத் தொடங்கும்.

பெயர் சொல்லாமலே நாம் அன்றாடம் பயன்படுத்தும் டிரைவ் த்ரூ ஒன்று உண்டு: பெட்ரோல் பங்க். ஒரு வாசலில் நுழைவு, இன்னொரு வாசலில் வெளியேற்றம், நடுவில் ஊழியர் நிரப்பித் தருகிறார், கார்க்காரர் ஜன்னல் வழியே பணம் கொடுக்கிறார். பல நாடுகளில் ஓட்டுநரே இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியும் அதே இனம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு ஜன்னலைக்கூட இறக்க வேண்டியதில்லை. செங்குன்றம் தாண்டி நல்லூர் சாவடியில் இதைப் பார்க்கலாம். (திருவொற்றியூர் டோல்கேட்டில் பார்க்க முடியாது. அங்கே டோல்கேட் என்பது ஊர்ப்பெயராகவும் மெட்ரோ நிலையமாகவும்தான் இருக்கிறது.) பங்க்கில் நாலு வண்டி சேர்ந்தால் வால் ரோட்டுக்கு வந்துவிடுகிறதே, அதுதான் நான் மேலே சொன்ன ஏழாவது கார். அதன் பெரிய வடிவத்தைப் பார்க்க விரும்பினால் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போங்கள். துறைமுக வாசலுக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் காசிமேடு பக்கமாக எவ்வளவு நீளத்துக்கு நிற்கும் என்பது அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு லாரிக்கு ஆகும் நேரம் சற்றுக் கூடினாலும் அதன் விலையை ரோடு கொடுக்கிறது. அந்தச் சாலைகளை அகலப்படுத்த எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று தனியாக ஒன்றே போட வேண்டியிருந்தது.

சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. தமிழில் இது பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. "அந்தக் கடையில் டிரைவ் த்ரூ இருக்கிறது", "டிரைவ் த்ரூவில் வாங்கி வந்தேன்" என்று சொன்னால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனிக்க வேண்டியது, இடத்தைக் குறிக்கையில் இரண்டு சொற்களுக்கும் நடுவே இணைப்புக்கோடு வரும். எண்ணூர் வழியாக ஓட்டிப் போனோம் என்று செயலைச் சொல்கையில் கோடு வராது. அமெரிக்கக் கடைப் பலகைகளில் இரண்டாவது சொல்லின் எழுத்துகளைக் குறைத்து எழுதியிருப்பதைப் பார்த்துத் தேர்வில் அப்படியே எழுதிவிட வேண்டாம்.

மறுபடி உங்கள் மனை. திருவொற்றியூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. அதனால் தொழில் உரிமம் மாநகராட்சியில் வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் தனி. கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் படத்தில் வண்டிப் பாதையைத் தெளிவாகக் காட்டுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மனை மெட்ரோ மேலே ஓடும் நெடுஞ்சாலை மேலேயே இருந்தால் நடுவில் தூண் வரிசை இருக்கிறதா, எதிர்ப்பக்கம் வருபவர் திரும்பி வர எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பாருங்கள். அவரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்க வேண்டாம். உள்தெருவில் இருந்தால் மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துப் பாதையின் மட்டத்தை வையுங்கள்.

செலவு செய்வதற்கு முன் மாலை ஆறிலிருந்து எட்டுவரை இரண்டு நாள் அந்த மனைக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு நாள் வேலைநாள், ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. மனை இருக்கும் பக்கமாகவே போகும் ஸ்கூட்டர், பைக், கார் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைகளில் எத்தனை பேர் இறங்கி வாங்குகிறார்கள், எத்தனை பேர் கால் ஊன்றியபடி வாங்குகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். கால் ஊன்றுபவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் குறிப்பையும் மனைப் பத்திரத்தின் அளவுப் படத்தையும் எடுத்துக்கொண்டு வரைபடம் போடுபவரிடம் போகலாம். குறைவாக இருந்தால் நல்ல அகலமான பார்சல் ஜன்னல் ஒன்று வைத்து, முன்னால் பத்து வண்டி நிறுத்த இடம் விட்டு, பலகையில் பார்சல் என்றே எழுதிவிடுங்கள்.